மடிக்கணினியும் உத்தரவாதப் பத்திரமும்

சென்ற கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, ஷா ஆலத்தில் ஜவுளிக்கடை நடத்தும் அங்கத்தினர் ஒருவர் தம் சங்கடத்தை எடுத்துச் சொன்னார்.

“நானா, கடையிலுள்ள மடிக்கணினி மாட்டுவண்டி போல் நகர்கிறது. பில் போட உட்கார்ந்தால், வந்த வாடிக்கைக்காரர் அலுத்துப்போய் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். புதிது வேண்டாம், ரேமும் எஸ்.எஸ்.டி.யும் கூட்டினால் போதும் என்கிறார் கம்ப்யூட்டர் கடைக்காரர். வாங்கி ஒன்றரை வருஷந்தான் ஆகிறது. இன்னும் ஆறு மாதம் வாரண்டி இருக்கிறது. மூடியைத் திறந்தால் அது போய்விடும் என்கிறார்களே?”

பக்கத்திலிருந்த ஒருவர், “திறந்தால் போச்சு, தொடாதீங்க” என்றார். மற்றொருவர், “அதெல்லாம் சும்மா, ஒன்றும் ஆகாது” என்றார். இருவரும் உறுதியாகத்தான் பேசினார்கள். ஆயினும் இருவரில் ஒருவரும் தம் உத்தரவாதப் பத்திரத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விளக்கமாக எழுதுவது நம் வியாபாரப் பெருமக்களுக்குப் பயன்படும் என்று கருதினோம்.

இது ஒருவருடைய பிரச்சினை மட்டுமன்று. உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி முதல் இ-இன்வாய்ஸ் முறையைக் கொண்டு வந்தது. முதலில் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. பின்னர் அது படிப்படியாகச் சிறிய நிறுவனங்களை நோக்கி விரிந்தது. அடுத்து, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. பேரேடும் பேனாவுமாக நடந்த கணக்கு இன்று கல்லாவுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. அந்தப் பெட்டி மெதுவானால் வியாபாரமே மெதுவாகிறது. எனவே அதன் சக்தியைக் கூட்ட வேண்டிய அவசியம் பலருக்கும் வந்திருக்கிறது.

முதலில் நோயை அறிக

ரேம் என்னும் நினைவகம் வேறு, எஸ்.எஸ்.டி. அல்லது ஹார்டு டிஸ்க் என்னும் சேமிப்பகம் வேறு. கடையை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம். சேமிப்பகம் என்பது கிடங்கு. சரக்கு முழுதும் அங்கே இருக்கிறது, விளக்கை அணைத்தாலும் அங்கேயே இருக்கும். நினைவகம் என்பது துணியை விரித்துக் காட்டும் மேசை. வியாபார நேரத்தில் மட்டும் சரக்கு அதன்மேல் இருக்கும், கடை மூடினால் மேசை காலியாகிவிடும். மேசை சிறிதாயிருந்தால் ஒவ்வொரு துணிக்கும் சிப்பந்தி கிடங்குக்கு ஓடவேண்டியிருக்கும். கிடங்கின் வாசல் குறுகலாயிருந்தால் மேசை பெரிதாயிருந்தும் சரக்கு வந்துசேரத் தாமதமாகும்.

எது குறை என்று அறிவது எளிது. வழக்கம்போல் கணக்குப் புரோகிராம், வாட்ஸ்அப், இணையப் பக்கங்கள் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒருசேர அழுத்துங்கள். திறக்கும் பலகையில் ‘மெமரி’ என்பது எந்நேரமும் 90 சதவிகிதத்தை ஒட்டி நின்றால் ரேம் போதவில்லை. ‘டிஸ்க்’ என்பது 100-ஐத் தொட்டபடியே கிடந்தால் சேமிப்பகத்தில் குறை இருக்கலாம். ரேம் போதாமல் கணினி அடிக்கடி டிஸ்க்கைத் தேடி ஓடுவதாலும் இப்படி ஆவதுண்டு. ஆதலால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிஸ்க்கில் இடம் ஏறக்குறைய நிரம்பிவிட்டிருந்தாலும் வேகம் குறையும். கேமராப் பதிவுகளையும் பழைய படங்களையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றினாலே சிலருக்குக் காரியம் முடிந்துவிடும்.

ஹார்டு டிஸ்க் உள்ள பழைய பெட்டிகளுக்கு எஸ்.எஸ்.டி. போடுவதே முதல் மருந்து. ஹார்டு டிஸ்க் ஒரு வினாடிக்குச் சுமார் 100 மெகாபைட் அளவே படிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 550 வரையில் படிக்கும்; என்விஎம்இ வகையோ ஆயிரக்கணக்கில் போகும்.

நோய் தெரியாமல் மருந்து வாங்குவது இக்காலத்தில் முன்னிலும் அதிக நஷ்டம். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை மளமளவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணினிக் கூடங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதே அதற்கு முக்கியக் காரணம். நம் பினாங்கு பத்து காவானிலும் ஆலை வைத்திருக்கும் மைக்ரான் கம்பெனி, பொதுமக்களுக்கு விற்றுவந்த தன் ‘குருஷியல்’ வியாபாரத்தை நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

எல்லாப் பெட்டியும் திறக்கத் தக்கதன்று

மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. ஆப்பிள் கம்பெனியின் இக்கால மேக்புக்குகள் இவ்வகையே. வேறு சிலவற்றில் ஒரு பங்கு ஒட்டப்பட்டும், ஒரு பள்ளம் காலியாகவும் இருக்கும். கழற்றத் தக்கதாயினும் வகை பொருந்த வேண்டும். டிடிஆர்4 மடிக்கணினி ரேமுக்கு 260 முனைகள்; டிடிஆர்5-க்கு 262. வெட்டுப் பள்ளமும் இடம் மாறியிருக்கும். ஒன்று மற்றொன்றின் இடத்தில் உட்காராது. அழுத்தி உட்காரவைக்கப் பார்த்தால் பள்ளம் உடையும்.

எஸ்.எஸ்.டி.யிலும் அப்படியே. எம்.2 என்பது வடிவத்தின் பெயர். அந்த வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்; 2242, 2230 என்பவை நீளம் குறைந்தவை. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த கம்பெனியின் கையேட்டில் எது பொருந்தும், அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்று பார்த்த பிறகே பணத்தை நீட்டுங்கள்.

நாம் பட்ட பாடு

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் இப்படி ஒரு பெட்டியைத் தெருவோரக் கடை ஒன்றில் கொடுத்து ரேமும் டிஸ்க்கும் மாற்றினோம். வேலை அரை மணியில் முடிந்தது, வேகமும் கூடிற்று, மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். நான்கு மாதத்தில் திரை இருண்டது. வாரண்டி இருந்ததால் கவலையின்றிச் சேவை நிலையத்துக்குக் கொண்டு சென்றோம். அவர்கள் திறந்து பார்த்து, “இரண்டு திருகாணி இல்லை, திரைக்குப் போகும் நாடாவின் பூட்டு உடைந்திருக்கிறது, இது வெளியார் கைபட்டதால் வந்தது” என்றார்கள்.

நம்மிடம் என்ன ஆதாரம் இருந்தது? யார் திறந்தார், என்ன போட்டார் என்பதற்கு ரசீது இல்லை. பழைய ரேம் இல்லை. திறக்குமுன் எடுத்த படமும் இல்லை. திரைக்குக் கைக்காசு கொடுத்தோம். அதைவிட மனத்தை உறுத்தியது வேறொன்று. நம் பழைய டிஸ்க்கை அந்தத் தெருக்கடையிலேயே விட்டு வந்திருந்தோம். அதில் வாடிக்கைக்காரர்களின் பெயர், தொலைபேசி எண், கடன் பாக்கி எல்லாம் இருந்தன. திரும்பப் போய்க் கேட்டபோது, “அது எங்கே போனதோ, முதலாளி” என்று கையை விரித்துவிட்டார்கள். பிறர் நம்மை நம்பிக் கொடுத்த அமானத்தை நாம் கவனக்குறைவால் மேசைமேல் விட்டுவிட்டு வந்தோம் என்பதை இன்றும் நினைத்தால் வெட்கமாகவே இருக்கிறது.

பத்திரம் என்ன சொல்கிறது?

உத்தரவாதம் என்பது ஓர் உடன்படிக்கை. நாம் கடையை வாடகைக்கு எடுக்கும்போது பத்திரத்தை ஒவ்வொரு வரியாகப் படிக்கிறோம்; ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கும் கணினியின் பத்திரத்தையோ பெட்டியோடு வீசிவிடுகிறோம். அதில் கவனித்துப் படிக்கவேண்டிய இடங்கள் நான்கு.

முதலாவது, எவை பயனாளரே மாற்றத் தக்கவை என்று குறித்திருக்கிறதா? லெனோவோ போன்ற கம்பெனிகள், வாடிக்கைக்காரரே மாற்றத் தக்க உறுப்புகள் என்று ஒரு வகுப்பையே வைத்திருக்கின்றன. லெனோவோ, டெல், ஹெச்பி மூன்றுமே பல மாடல்களுக்குத் திறக்கும் முறையைப் படத்தோடு விளக்கும் பராமரிப்புக் கையேடுகளைப் பொதுமக்களுக்கு வெளியிட்டிருக்கின்றன. ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் மாற்றும் வழியைக் கம்பெனியே எழுதிக் கொடுத்திருந்தால், அந்த மாடலில் அது எதிர்பார்த்த காரியமே.

இரண்டாவது, எது உத்தரவாதத்துக்குப் புறம்பு? பெரும்பாலான பத்திரங்கள், அனுமதி பெறாதவர் செய்த வேலையால் நேர்ந்த சேதத்தைத் தாம் ஏற்பதில்லை என்று கூறுகின்றன. ‘நேர்ந்த சேதம்’ என்ற இடத்தில் நின்று படியுங்கள். நீங்கள் ரேம் போடும்போது பள்ளத்தை உடைத்தால் அது உங்கள் பொறுப்பு. நீங்கள் தொடாத விசைப்பலகை தானாகக் கெட்டால் அது வேறு விஷயம். ஆனால் சில பத்திரங்கள் திறப்பதையே தடுக்கும், அல்லது முத்திரைத் தாள் கிழிந்தால் ஒப்புக்கொள்ளா. அப்படி எழுதியிருந்தால் உத்தரவாதக் காலம் முடியும்வரை பொறுங்கள். அன்றேல் அவர்களுடைய சேவை நிலையத்திலேயே வேலையைக் கொடுங்கள்.

மூன்றாவது, புதிதாகப் போட்ட உறுப்புக்கு யார் பொறுப்பு? கணினிக் கம்பெனி அதற்குப் பொறுப்பேற்காது. அந்த உறுப்பைத் தயாரித்தவரின் உத்தரவாதமே அதற்குத் துணை. எஸ்.எஸ்.டி.க்குப் பல கம்பெனிகள் 3 அல்லது 5 ஆண்டு தருகின்றன. ஆகவே அதற்கென்று தனி ரசீது வாங்கி வையுங்கள்.

நான்காவது, உத்தரவாதம் எந்த நாட்டில் செல்லும்? சிங்கப்பூரிலோ சென்னையிலோ மலிவாய்க் கிடைத்தது என்று வாங்கிவந்த பெட்டிக்கு இங்கே சேவை உண்டா என்பதைப் பத்திரமே சொல்லும்.

படித்த பிறகும் ஐயம் இருந்தால், வரிசை எண்ணைக் குறிப்பிட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்: “இந்த மாடலில் ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் நாங்களே மாற்றினால் மற்ற உறுப்புகளுக்கு உத்தரவாதம் நீடிக்குமா?” தொலைபேசியில் கேட்டால் பதில் காற்றோடு போய்விடும். எழுத்தில் வந்த பதிலை அச்சிட்டு ரசீதோடு வையுங்கள்.

சட்டம் எவ்வளவு துணை செய்யும்?

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டிலேயே உத்தரவாதங்களுக்கென ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட கம்பெனியின் உறுப்பையே போட வேண்டும், குறிப்பிட்ட இடத்திலேயே பழுது பார்க்க வேண்டும் என்று உத்தரவாதத்தைக் கட்டிப்போடுவதை அது பொதுவாகத் தடுக்கிறது. 2018 ஏப்ரலில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ‘முத்திரை கிழிந்தால் வாரண்டி இல்லை’ என்ற வகை வாசகங்கள் அதில் கண்டிக்கப்பட்டன. நம் இளைஞர்கள் கைப்பேசியில் இதைப் பார்த்துவிட்டு, “முத்திரையே செல்லாது” என்று வாதிடுகிறார்கள். நிற்க. அது அந்நாட்டுச் சட்டம். லோ யாட் பிளாசாவில் நின்றுகொண்டு அதைக் காட்டி வழக்காட முடியாது.

நமக்குத் துணையாவது மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதை இச்சட்டமே உத்தரவாதமாக வைக்கிறது. கம்பெனியின் பத்திரம் அதற்கு மேற்பட்டது. இந்த உரிமையை விற்பவர் தம் வாசகத்தால் ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் நியாயமான பயனீட்டாளர் பயன்படுத்தும் முறைக்கு மாறாகப் பயன்படுத்தியதால் வந்த கேட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கவனக்குறைவாகத் திறந்து உடைத்தவரைச் சட்டம் தாங்கிப் பிடிக்காது.

தகராறு முற்றினால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். வழக்குக்குரிய காரணம் ஏற்பட்ட 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, நம் காகிதங்களே நமக்கு வக்கீல். நம் வியாபாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சொந்த உபயோகத்திற்கோ வீட்டு உபயோகத்திற்கோ சாதாரணமாக வாங்கப்படும் வகைப் பொருளை, மறுவிற்பனைக்கென்று அல்லாமல் வாங்கியவரையே இச்சட்டம் பயனீட்டாளராகக் கருதுகிறது. விற்பதற்காகப் பத்துப் பெட்டி கொள்முதல் செய்பவர் இந்தக் கூரையின் கீழ் நிற்க முடியாது. அவர், தம்மிடம் வாங்குவோருக்குப் பதில் சொல்லவேண்டியவராகிறார்.

வேலை செய்யும் முறை

பத்திரம் இடங்கொடுக்கிறது, உறுப்பும் பொருந்துகிறது என்று தெரிந்தபின் கீழ்க்கண்ட ஒழுங்கில் செய்யுங்கள். கை நடுக்கமோ ஐயமோ உள்ளவர்கள் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் கொடுப்பதே உத்தமம். கூலி சற்றுக் கூடினாலும் பொறுப்பு அவர்களுடையது.

1. கணக்கு, இன்வாய்ஸ், படங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். எடுத்த பிரதி திறக்கிறதா என்று வேறொரு கணினியில் சோதியுங்கள். வருமான வரிச் சட்டப்படி வியாபாரக் கணக்குகளை 7 ஆண்டு காக்கவேண்டியவர்கள் நாம் என்பதை மறவாதீர்கள்.

2. விண்டோஸ் 11 உள்ள பெட்டிகள் பலவற்றில் டிஸ்க்கின் உள்ளடக்கம் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதற்குரிய 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். உள்ளே உறுப்பு மாறினால் கணினி இதைக் கேட்கக்கூடும். சாவி இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கிலுள்ள கணக்கைத் திறக்க வழியிராது.

3. திறக்குமுன் நான்கு பக்கமும், முத்திரை உள்ள இடமும் தெரியப் படம் எடுங்கள். திறந்த பின்னும் எடுங்கள். வரிசை எண் தெரிய வேண்டும்.

4. கணினியை முழுமையாக நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்குங்கள். மூடியைத் திறந்ததும் கையேட்டில் சொன்னபடி பேட்டரி இணைப்பை விலக்குங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்கும். கம்பளத்தின் மேல் அமர்ந்து செய்யாதீர்கள். வர்ணம் பூசாத உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

5. திருகாணிகளின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபடும். ஒரு தாளில் பெட்டியின் உருவை வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொன்றையும் ஒட்டி வையுங்கள். நீளமானதைக் குறுகிய துளையில் முடுக்கினால் பலகை விரிசல் விடும்.

6. ரேமை ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் நுழைத்து, பின் மெல்ல அழுத்தினால் இருபுறக் கொக்கியும் பூட்டிக்கொள்ளும். எஸ்.எஸ்.டி.யையும் சாய்த்தே நுழைத்துத் திருகாணியால் நிறுத்த வேண்டும். பலம் காட்ட வேண்டிய வேலை எதுவும் இதில் இல்லை.

7. மூடியபின் முதல் தடவை ஓட்டும்போது திரை சற்று நேரம் இருண்டிருக்கலாம், பதறவேண்டாம். புதிய ரேம் முழு அளவும் தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் தாய்ப்பலகையைச் சார்ந்தது. டிஸ்க் மாறினால் உரிமம் போய்விடாது. புதிதாக வாங்கச் சொன்னால் ஏமாறாதீர்கள்.

பழையதை வீசாதீர்கள்

கழற்றிய ரேமையும் டிஸ்க்கையும் உறையிலிட்டு, தேதி எழுதி, உத்தரவாதக் காலம் முடியும்வரை பெட்டகத்தில் வையுங்கள். சேவைக்கு அனுப்ப நேர்ந்தால், புதியவற்றைக் கழற்றிவிட்டுப் பழையவற்றைப் போட்டு அனுப்பலாம். அதில் இரண்டு நன்மை: கோளாறு புதிய உறுப்பால் வந்ததா, பெட்டியிலேயே இருந்ததா என்பது தெரிந்துவிடும், நம் விலையுயர்ந்த உறுப்பும் வாடிக்கைக்காரர் விவரமும் பிறர் கைக்குப் போகா. ஆனால் பெட்டியைத் திறந்தீர்களா என்று சேவை நிலையத்தார் கேட்டால், திறந்தோம், இன்ன உறுப்பை மாற்றினோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்துப் பெறும் உத்தரவாதம் நாணயமான வியாபாரிக்கு அழகன்று; படமும் ரசீதும் வைத்திருப்பவருக்கு மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

உத்தரவாதக் காலம் முடிந்து டிஸ்க்கை விற்பதாயினும், வீசுவதாயினும் அதிலுள்ள விவரத்தை முற்றும் அழித்த பிறகே செய்யுங்கள். குப்பைத் தொட்டியில் போட்ட கோப்பு அழிந்துவிடுவதில்லை. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் நம் வியாபாரத்தில் சேரும் பிறர் விவரத்தைக் காக்கச் சொல்கிறது.

ஜவுளிக்கடை அன்பரின் செய்தியைச் சொல்லி முடிப்போம். மறுவாரம் அவர் பத்திரத்தைத் தேடி எடுத்துவந்தார். திறக்கக்கூடாது என்ற வாசகம் அதில் இல்லை. கம்பெனிக் கையேட்டில் ஒரு ரேம் பள்ளம் காலியாக இருப்பதாகவும் தெரிந்தது. பலகையில் பார்த்தபோது ரேம்தான் போதவில்லை. டிஸ்க்கில் இருந்தது கேமராப் பதிவுக் குப்பை. பதிவுகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, ரேம் ஒன்று மட்டும் வாங்கி, அங்கீகாரம் பெற்ற நிலையத்திலேயே போட்டுக்கொண்டு, வேலை ரசீதும் வாங்கி வந்தார். எஸ்.எஸ்.டி. வாங்கும் செலவு மிச்சம். ஆறு மாத உத்தரவாதமும் பத்திரமாக இருக்கிறது.

அங்கத்தினர்களே, இன்றிரவு கடை மூடியபின் ஒரு கால்மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் மடிக்கணினியின் ரசீதும் உத்தரவாதப் பத்திரமும் எங்கே இருக்கின்றன என்று தேடி எடுத்து ஓர் உறையில் இடுங்கள். திருகாணியைத் தொடும் யோசனை அதற்குப் பிறகு வரட்டும்.